எதிரொலியின் தொனி

சென்ற இதழில் நீரிழிவைப் பற்றி நாம் எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர், அதனோடு தொடர்பில்லாத வேறொரு விஷயத்தைக் குறித்து நான்கு பக்கக் கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய தகப்பனார், வயது 68, ஊரிலிருந்து வந்து ஆறு மாதமாக அவருடன் தங்கியிருக்கிறார். பெரியவர் இரவில் நான்கைந்து முறை எழுந்து போகிறார். போனாலும் நீர் எளிதில் இறங்குவதில்லை. ஒருவாறு வற்புறுத்தி வயிற்றுக்கு ‘ஸ்கேன்’ எடுத்திருக்கிறார்கள். புராஸ்டேட் சுரப்பி பருத்திருக்கிறது என்ற ஒரு வரியைத் தவிர மற்றவை யாவும் இயல்பு என்று அறிக்கை வந்தது. அன்பர் கேட்கும் கேள்விகள் இரண்டு. ‘ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லையாதலால் புற்றுநோய் இல்லையென்று நிம்மதியாக இருக்கலாமா?’ என்பது முதலாவது. ‘ஒலி அலைகளைக் கணிப்பொறியைக் கொண்டு பகுத்துப் புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்தேன், அது மெய்தானா?’ என்பது இரண்டாவது.

முதற் கேள்விக்கு விடை ‘இருக்கலாகாது’ என்பதே. இரண்டாவதற்கு ‘மெய்தான், ஆனால்’ என்று தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த ‘ஆனால்’ சற்று நீளமானது. அதற்காகவே இம்மாதப் பக்கங்களை எடுத்துக்கொள்கிறோம்.

தட்டிப் பார்த்து உள்ளே இருப்பதை அறியும் வித்தை நம்மவர்க்குப் புதிதன்று. சந்தையில் மண்பானை வாங்கும் மூதாட்டி விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். கணீரென்றால் பானை நல்லது. பொத்தென்றால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கிறது. தேங்காயையும் பலாப்பழத்தையும் இவ்விதமே சோதிக்கிறோம். நம் இரயில்வேயில் முன்னாட்களில், வண்டி வந்து நின்றதும் நீண்ட காம்புள்ள சுத்தியல் ஒன்றை ஏந்தி ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். விரிசல் கண்ட சக்கரத்தை அவர் செவி காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவத்திலும் இவ்வித்தை உண்டு. நோயாளியின் மார்பை விரலால் தட்டிப் பார்க்கும் முறையை 1761ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டவர் வியன்னாவில் பணியாற்றிய அவென்புரூக்கர் என்னும் டாக்டர். அவர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். மதுப்பீப்பாய்களைத் தட்டி அளவு பார்ப்பதைச் சிறுவயதில் கண்டதே அவருக்கு வழிகாட்டியது என்று சொல்வதுண்டு.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பானையைத் தட்டும் மூதாட்டி, ஓசை உரத்ததா மெல்லியதா என்று கேட்பதில்லை. அதன் தொனியைக் கேட்கிறாள். உரக்க ஒலிக்கும் ஓட்டைப் பானையும் உண்டு. மெல்ல ஒலிக்கும் நல்ல பானையும் உண்டு. ஓசையின் அளவு வேறு, தொனி வேறு. பின்னால் நாம் சொல்லப் போவது அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றியதே.

மனிதச் செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வுடைய ஒலியை மீயொலி என்கிறார்கள், ஆங்கிலத்தில் அல்ட்ராசவுண்ட். இது மனித உடலுக்குள் புகுமுன் இரும்புக்குள் புகுந்தது என்பது இரயில்வே ஊழியர்களாகிய நமக்குச் சற்றுப் பெருமை தரும் செய்தி. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபயர்ஸ்டோன் என்பவர், உலோகத்துக்குள் மீயொலித் துடிப்பை அனுப்பி, உட்புற விரிசலிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கொண்டு குறையைக் கண்டறியும் கருவிக்கு 1942இல் காப்புரிமை பெற்றார். கப்பல் கட்டுவோரும் கொதிகலன் செய்வோரும் அதனைக் கையாளத் தொடங்கினர். 1955இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு, அருகிலுள்ள ரென்ஃப்ரூ ஊரின் கொதிகலன் தொழிற்சாலைக்குக் காரில் புறப்பட்டுப் போனார். காரின் பின்பெட்டியில் இருந்தவை, அறுவைச் சிகிச்சையில் நீக்கப்பட்ட கட்டிகள்! தொழிற்சாலையார் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வாங்கி வைத்திருந்தார்கள். கொதிகலத் தகட்டின் குறை காணும் கருவியைக் கொண்டே அந்தக் கட்டிகளையும் சோதித்தார்கள். நீர் நிறைந்த கட்டி ஒருவிதமாகவும் திண்மையான கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. மூன்றாண்டு கழித்து, 1958இல், ‘லான்செட்’ என்னும் மருத்துவப் பத்திரிகையில் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்து பிறந்ததே இன்று தெருவுக்குத் தெரு காணும் ஸ்கேன் நிலையம்.

தண்டவாளத்தின் மேல் தள்ளுவண்டி போன்ற ஒரு கருவியை நம் நிரந்தரப் பாதைப் பகுதியினர் மெல்லத் தள்ளிச் செல்வதைக் காலனிக் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள். அதன் அடியிலுள்ள உணரிகள் தண்டவாளத்துக்குள் மீயொலியைச் செலுத்துகின்றன. உணரிக்கும் இரும்புக்கும் இடையே காற்று புகுந்தால் ஒலி உள்ளே இறங்காது. ஆகவே அவ்வண்டியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும், நீர் கசிந்துகொண்டே வரும். ஸ்கேன் நிலையத்தில் வயிற்றின் மேல் குளிர்ந்த பசையைத் தடவுவதும் இதே காரணத்திற்காகத்தான். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இனி உடலுக்குள் செல்வோம். மென்தசையில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள தசையைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டதில் 13 பங்கு போதும். எதிரொலி திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் ஆழத்தைச் சொல்கிறது. அதன் வலிமை, திரையில் அவ்விடத்துப் புள்ளி எவ்வளவு வெண்மையாகத் தெரிய வேண்டும் என்பதைச் சொல்கிறது. இப்படி லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்ததுதான் நாம் காணும் சாம்பல் நிறப் படம்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உரிய சுரப்பி. மூத்திரப்பைக்கு நேர் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமைந்திருக்கிறது. வாலிபத்தில் பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். வயது ஏற ஏறப் பெரும்பாலோருக்கு அது பருக்கிறது. பருத்துக் குழாயை நெருக்குவதால்தான் பெரியவர்கள் இரவில் எழுந்து அவதிப்படுகிறார்கள். இவ்வாறு பருத்தல் புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் அன்று. ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோயும் தனியே தோன்றலாம். அது பெரும்பாலும், நூற்றுக்கு எழுபது அளவில், சுரப்பியின் வெளி ஓரத்தில் மலக்குடலை ஒட்டிய பகுதியில் தோன்றுகிறது. குழாயிலிருந்து தள்ளியிருப்பதால் தொடக்கத்தில் எந்த உபத்திரவமும் தருவதில்லை. உபத்திரவம் தருவது பெரும்பாலும் புற்றன்று. புற்றோ ஓசைப்படாமல் இருக்கிறது. இந்த முரண்பாடே நம் வீடுகளில் பல குழப்பங்களுக்குக் காரணம்.

வயிற்றின் மேலிருந்து எடுக்கும் ஸ்கேன், வயிற்றுத் தசை, மூத்திரப்பை ஆகியவற்றைத் தாண்டிச் சுரப்பியைத் தூரத்திலிருந்து பார்க்கிறது. அதன் பருமனை அளக்கலாம். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்பதையும் அளக்கலாம். உள்ளே ஒரு பயறளவு புற்று இருக்கிறதா என்று கேட்டால் அதற்கு விடை சொல்லும் சக்தி அதற்கில்லை. ஆகவேதான் அன்பரின் முதற் கேள்விக்கு ‘இருக்கலாகாது’ என்றோம். ‘மற்றவை இயல்பு’ என்று அறிக்கை கூறுவது, பார்க்க இயன்றவற்றைப் பற்றி மட்டுமே.

சுரப்பியை அருகிலிருந்து பார்க்க ஒரே வழி மலக்குடல் வழி. ஜப்பானைச் சேர்ந்த வத்தனபே என்னும் சிறுநீரக நிபுணர் 1960களின் இறுதியில் இதற்கென்றே ஒரு நாற்காலி செய்தார். உணரி அதன் நடுவில் நிமிர்ந்து நிற்கும், நோயாளி அதன் மேல் அமர வேண்டும். நம் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் அன்றிரவே ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். பின்னர் உணரி விரலளவு பருமனுள்ளதாகச் சிறுத்துவிட்டது; ஒருக்களித்துப் படுத்திருக்கச் சில நிமிஷங்களில் சோதனை முடிந்துவிடும். கூச்சம் உண்டு, சிறிது அசௌகரியம் உண்டு, அவ்வளவே.

1980களில் நிபுணர்கள் பெரிதும் நம்பிக்கை கொண்டார்கள். வெளி ஓரத்தில் கறுத்துத் தெரியும் இடம் புற்று என்று கருதப்பட்டது. காலப்போக்கில் தெரிந்தது வேறு. கறுத்த இடங்களில் பல புற்றல்ல. புற்றுகளில் பல கறுத்துத் தெரிவதில்லை, சுற்றியுள்ள நல்ல தசையைப் போன்றே அதே சாம்பல் நிறத்தில் ஒளிந்துகொள்கின்றன. படத்தை நம்ப முடியாமற் போகவே, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1989இல் ஒரு முறை வகுத்தார்கள். படத்தில் எதுவும் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சுரப்பியின் ஆறு பகுதிகளிலிருந்து ஊசியால் தசைத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது. ஆறு பின்னர் பன்னிரண்டாயிற்று. ஒலி, புற்றைக் காட்டும் கருவி என்ற பதவியிலிருந்து இறங்கி, ஊசிக்கு வழி காட்டும் கருவியாயிற்று.

இம்முறை எவ்வளவு தூரம் நம்பத் தக்கது? பிரிட்டனில் 576 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017இல் வெளியாயிற்று. ஒவ்வொருவருக்கும் வழக்கமான ஒலிவழி ஊசிப் பரிசோதனை, காந்தப் படமாகிய எம்.ஆர்.ஐ., மயக்கம் கொடுத்துச் சுரப்பி முழுவதையும் நெருக்கமாகத் துளைத்துப் பார்க்கும் சோதனை ஆகிய மூன்றும் செய்தார்கள். கவலைப்பட வேண்டிய புற்றுள்ளவர்களில் நூற்றுக்கு 48 பேரை மட்டுமே வழக்கமான ஊசி கண்டுபிடித்திருந்தது, எம்.ஆர்.ஐ. 93 பேரைச் சுட்டிக்காட்டியது. ஆனால் எம்.ஆர்.ஐ. அத்தகைய புற்று இல்லாத பலரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதன் செலவும், முறை வருவதற்குக் காத்திருக்கும் நாட்களும் நம் குடும்பங்கள் அறிந்தவை.

எனவே ஒலியையே இன்னும் கூர்மையாகக் கேட்க இயலுமா என்ற கேள்வி எழுந்தது. இங்கேதான் மூதாட்டியின் பானை திரும்ப வருகிறது.

உணரிக்குத் திரும்பி வரும் எதிரொலி உண்மையில் ஒரு நீண்ட, நடுங்கும் அலைக்கோடு. இதனை ஆங்கிலத்தில் சிக்னல் என்கிறார்கள். நமக்குச் சிக்னல் என்றால் கைகாட்டி மரமும் விளக்கும்தான்; இங்கே அச்சொல் திரும்பி வந்த அலையைக் குறிக்கிறது. படம் தயாரிக்கும் யந்திரம் இந்த அலையின் மேல்விளிம்பை, அதாவது எங்கெங்கே ஓசை பெரிது, எங்கெங்கே சிறிது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைக் கழித்துவிடுகிறது. ஓசையின் அளவு படத்தில் ஏறுகிறது; தொனி குப்பைக்குப் போகிறது. திரை வெளிச்சத்தில் நிபுணர் எவ்வளவு கண்ணை இடுக்கினாலும், படத்தில் ஏறாத ஒன்றை அவர் காணப் போவதில்லை. சிக்னலை ஆராய்தல் என்பது கழித்துவிடப்பட்ட அந்த மீதியை மீட்டெடுப்பது. அலை படமாக மாறுமுன் அதை அப்படியே பதிவு செய்து, அதில் எந்தெந்த அதிர்வு எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணிதத்தால் பிரிக்கிறார்கள். நாதஸ்வரமும் புல்லாங்குழலும் ஒரே சுருதியில் ஒரே ஓசையளவில் ஒலித்தாலும், கண்ணை மூடிக்கொண்டு நாம் இன்னது என்று சொல்லிவிடுவதில்லையா? நம் செவி இயற்கையாகச் செய்யும் அந்தப் பகுப்பைக் கணிப்பொறி செய்கிறது.

இதனால் தசையைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்கலாம். வழக்கமான உணரியின் ஒலியலை ஒன்றின் நீளம் சுமார் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயிரணுக்களும் அவற்றின் சிறு கூட்டங்களும் அதைக் காட்டிலும் மிகச் சிறியவை. ஆகவே தனித்தனியாகப் படத்தில் தெரியா. ஆனால் சிறு பொருள்கள் தாழ்ந்த அதிர்வைக் காட்டிலும் உயர்ந்த அதிர்வை அதிகமாகச் சிதறடிக்கும். பொருள் பெரிதாகும்போது இந்த விகிதம் மாறும். ஆகவே எதிரொலியில் உயர்ந்த அதிர்வும் தாழ்ந்த அதிர்வும் கலந்திருக்கும் விகிதத்தைப் பார்த்து, அங்கே சிதறடிப்பவை எவ்வளவு பருமன், எவ்வளவு நெருக்கம் என்று ஊகிக்கலாம். நல்ல சுரப்பித் தசையில் சிறு குழல்கள் இடைவெளிவிட்டு ஒழுங்காக அமைந்திருக்கின்றன. புற்றில் அந்த ஒழுங்கு குலைந்து அணுக்கள் நெருங்கி அடைகின்றன. எனவே தொனி மாறத்தான் வேண்டும்.

இக்கொள்கைக்கு அடித்தளம் இட்டவர் நியூயார்க்கிலுள்ள ரிவர்சைடு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரடெரிக் லிஸ்ஸி. 1983இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையினருக்கு இலக்கணம் போன்றது. முதலில் கண்ணுக்குள் தோன்றும் கட்டிகளைப் பற்றியே அவரும் உடனிருந்தோரும் ஆராய்ந்தார்கள். பின்னர் அதே நிலையத்து ஃபெலெப்பா இதனைப் புராஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தார். ஊசி எடுக்கும் அதே இடத்தின் அலையைப் பதிவு செய்து, நுண்ணோக்கியின் தீர்ப்போடு சேர்த்து வைத்து, மூளை நரம்புகளின் பின்னலைப் பார்த்து அமைத்த ஒருவகைக் கணிப்பு முறைக்கு அவற்றைப் பயிற்றினார்கள். நோயாளியின் இரத்தப் பரிசோதனை எண்ணையும் உடன் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற கணிப்புமுறையின் மதிப்பெண் 0.84, அதே இடங்களைப் படத்தில் பார்த்து மருத்துவர் கொண்ட சந்தேகத்தின் மதிப்பெண் 0.64. இந்த எண்களின் பொருள் இதுதான்: புற்றுள்ள துணுக்கு ஒன்றும் புற்றில்லாத துணுக்கு ஒன்றும் எடுத்து, எது புற்று என்று கேட்டால், படத்தைப் பார்த்தவர் நூற்றுக்கு 64 முறையும் தொனியைக் கேட்ட யந்திரம் 84 முறையும் சரியாகச் சொல்லும். காசைச் சுண்டிச் சொன்னாலும் 50 வரும். ஆகவே 64 என்பது எவ்வளவு ஏழ்மையானது என்பதையும், 84 என்பது நல்ல முன்னேற்றமாயினும் தீர்ப்பாகாது என்பதையும் வாசகர்களே உணரலாம்.

இதன் பிறகு பலர் புறப்பட்டார்கள். கனடாவில் கிங்ஸ்டன் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தாரும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தாரும் உணரியை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தின் எதிரொலி நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்பதை ஆராய்ந்தார்கள். பெல்ஜியத்தில் ‘ஹிஸ்டோஸ்கேனிங்’ என்ற பெயரில் ஒரு முறை விற்பனைக்கே வந்தது. 2008இல் வெளியான முதல் சிறு ஆய்வுகளில் அதன் முடிவுகள் வியக்கத் தக்கனவாக இருந்தன. ஆனால் மற்ற மருத்துவமனைகள் தங்கள் நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது அந்த வியப்பு நிலைக்கவில்லை. யந்திரம் சுட்டிய இடத்திலும் ஊசி கண்ட இடத்திலும் பொருத்தம் குறைவாக இருந்தது. இத்தகைய செய்திகள் பத்திரிகைகளில் முதற்பக்கத்தில் வருவதில்லை. ‘புதிய முறை கண்டுபிடிப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள் ‘அம்முறை பிற இடங்களில் தேறவில்லை’ என்பதை எந்தப் பக்கத்திலும் போடுவதில்லை. அன்பர் தாம் படித்ததாகக் குறிப்பிடும் செய்தியையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

தண்டவாளத்தில் இவ்வளவு நன்றாகத் தேறிய வித்தை மனிதரிடம் ஏன் தடுமாறுகிறது? நமக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறோம். தண்டவாளச் சோதனைக்குப் புறப்படுமுன் கருவியை ஒரு மாதிரித் தண்டவாளத் துண்டின் மேல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். அந்தத் துண்டில் குறித்த அளவில், குறித்த ஆழத்தில், வேண்டுமென்றே துளையிட்ட குறைகள் இருக்கும். இன்ன குறைக்கு இன்ன எதிரொலி என்று முன்கூட்டியே தெரியும். இரும்பு எங்கும் இரும்பே. மனிதரில் மாதிரித் துண்டு ஏது? உணரியைச் சரிபார்க்கலாம், மனிதரைச் சரிபார்க்க இயலாது. ஒருவருக்குச் சுரப்பி 25 கிராம், இன்னொருவருக்கு 90. ஒருவருக்குப் பழைய அழற்சி, ஒருவருக்குச் சுண்ணாம்புப் படிவு. நடுவிலுள்ள தசை ஒலியை விழுங்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். போதாக்குறைக்கு, யந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஊசியே ஓரிரு மில்லிமீட்டர் விலகிக் குத்தியிருந்தால் நல்ல தசையின் தொனியைப் புற்றின் தொனி என்று அது கற்றுக்கொண்டுவிடும். ஒரு மருத்துவமனையில் கற்றது அடுத்த மருத்துவமனையில் செல்லாமற் போவதற்கு இவையெல்லாம் காரணம்.

அண்மைக் காலத்தில் நம்பிக்கை தருவது வேறொரு பாதை. மலக்குடல் வழி உணரிகள் வழக்கமாக 6 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்கின்றன. கனடாவில் 29 மெகாஹெர்ட்ஸ் அதிரும் உணரியைச் செய்தார்கள். இதற்கு நுண்மீயொலி என்று பெயரிடலாம். அதிர்வு உயர்ந்தால் அலை சிறுக்கும்; அலை சிறுத்தால் சுரப்பியின் நுண்குழல்களின் ஒழுங்கும் குலைவும் படத்திலேயே தெரியத் தொடங்கும். உயர்ந்த அதிர்வு வெகு ஆழம் போகாது என்பது குறைதான். ஆனால் புராஸ்டேட் புற்று பெரும்பாலும் உணரிக்கு மிக அருகிலுள்ள ஓரத்திலேயே தோன்றுவதால் அக்குறை இங்கே அதிகம் பாதிப்பதில்லை. 8 நாடுகளில் 678 பேரிடம் நடத்திய ஒப்பீட்டின் முடிவு 2025இல் வெளிவந்தது. நுண்மீயொலியை மட்டும் கொண்டு ஊசி எடுத்தவர்களில் நூற்றுக்கு 47.1 பேருக்கும், எம்.ஆர்.ஐ.யின் துணையோடு எடுத்தவர்களில் 42.6 பேருக்கும் கவலைப்பட வேண்டிய புற்று கண்டறியப்பட்டது. நுண்மீயொலி மேலானது என்று இதனால் சொல்லிவிட முடியாது. தாழ்ந்ததன்று என்பதே ஆய்வாளர்கள் கொண்ட முடிவு. எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்க இயலாத இடங்களுக்கு அதுவே பெரிய செய்தி. கணிப்பொறிப் பகுப்பைச் செய்வோரும் இந்தப் புதிய உணரியின் அலைகளை எடுத்து ஆராய்ந்து வருகிறார்கள். கூர்மையான காதுக்குக் கூர்மையான ஓசை கிடைத்தால் பலன் கூடலாம்.

கண்டுபிடிப்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. தண்டவாளச் சோதனை அறிக்கைகளில் குறைகளை இரு வகையாகப் பிரித்து எழுதுவார்கள்: உடனே மாற்ற வேண்டியவை, கண்காணித்து வர வேண்டியவை. குறை தெரிந்த தண்டவாளத்தையெல்லாம் அன்றே பிடுங்கினால் வண்டி ஓடாது. புராஸ்டேட் புற்றிலும் இப்படியே. இழைய வேகத்தில் வளர்ந்து ஆயுள் முழுவதும் தொந்தரவு தராமலே இருந்துவிடும் வகையும் உண்டு; எலும்புக்குப் பரவி உயிரைக் கொள்ளும் வகையும் உண்டு. துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து இதைத் தரம் பிரிக்கும் முறையை 1966இல் அமெரிக்கரான டொனால்டு கிளீசன் வகுத்தார். அறிக்கைகளில் ‘கிளீசன் எண்’ என்று காண்பது அதுவே. பிரிட்டனில் 1,643 பேரைச் சுமார் 15 ஆண்டு தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளியாயிற்று. சுரப்பிக்குள் அடங்கிய புற்றுள்ளவர்கள் அவர்கள். அறுவைச் சிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, கண்காணிப்பு என்று மூன்று பிரிவாக்கினார்கள். எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. கண்காணிக்கப்பட்டவர்களில் நோய் பரவியது மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இருமடங்கு என்பதும் உண்மை. அறுவையால் சிறுநீர் அடங்காமை முதலிய துன்பங்கள் நேர்வதும் உண்மை. ஆகவே ‘புற்று’ என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டை அடகு வைக்க ஓடவும் வேண்டாம். ஒன்றுமில்லை என்று கையை உதறவும் வேண்டாம். எந்த வகை என்பதைக் கேட்டறிய வேண்டும்.

இனி அன்பரின் தகப்பனார் விஷயத்துக்கு வருவோம். பெரியவரைச் சிறுநீரக நிபுணரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று, பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனை ஒன்று. பி.எஸ்.ஏ. எண் புற்றில்லாமலே, வெறும் பருமனாலும் கிருமித் தொற்றாலும் ஏறக்கூடும். ஆகவே ஓர் எண்ணைக் கண்டு அஞ்சற்க. சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. அல்லது மலக்குடல் வழி ஒலி ஆய்வு, அதன் பின் வேண்டுமாயின் ஊசி. எந்தப் புதிய யந்திரத்தின் பெயரைச் சொன்னாலும், ‘இதன் முடிவைக் கொண்டே தீர்மானிப்பீர்களா, துணுக்கு எடுத்துப் பார்ப்பீர்களா?’ என்று ஒரு கேள்வி கேட்கலாம். இன்றளவும் இறுதிச் சொல் நுண்ணோக்கியினுடையதே.

அன்பர் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது. கடிதம் முழுவதிலும் நம்மை வருத்தியது அதுதான். பெரியவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். டாக்டருக்கு இந்தி மட்டுமே தெரியும். மகன் வேலைக்குப் போயிருந்ததால் மருமகளும் பத்து வயதுப் பேத்தியும் உடன் சென்றிருக்கிறார்கள். டாக்டர் கேட்ட கேள்விகளைப் பேத்தி மொழிபெயர்த்தாள். பெரியவர் எல்லாவற்றுக்கும் ‘ஒன்றுமில்லை, நன்றாயிருக்கிறேன்’ என்றே விடை சொன்னார். அவர் வேறென்ன சொல்வார்? மருமகள் எதிரில், குழந்தையின் வாயால், அவர் இதைப் பேச வேண்டுமா? அந்த மாலையில் தவறு செய்தவர் எவருமில்லை. ஆனால் டாக்டருக்குக் கிடைத்த எதிரொலி முழுவதும் பொய்.

இதற்கு ஒரு வழி உண்டு. சிறுநீர்த் தொல்லையை அளக்க உலகெங்கும் வழங்கும் வினாத்தாள் ஒன்றில் ஏழு கேள்விகள் இருக்கின்றன. முழுவதும் கழித்த உணர்வு உண்டா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, அடக்க முடியவில்லையா, வேகம் குறைந்ததா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 7 வரை இலேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20உம் அதற்கு மேலும் கடுமை. இது புற்றைக் கண்டறியும் வினாத்தாள் அன்று. பெரியவரின் அவதியை அவர் வாயைத் திறக்காமலே டாக்டருக்குச் சொல்லும் சீட்டு. தமிழிலும் இந்தியிலும் பக்கத்துக்குப் பக்கமாக அதனை எழுதிச் சங்க வாசகசாலையில் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் ஞாயிறு காலையில் வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம். எவருக்காக என்று யாரும் கேட்க மாட்டார்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால், இரு மொழியும் அறிந்த, பணி ஓய்வு பெற்ற ஆண் அங்கத்தினர் இருவர் உடன் வர இசைந்திருக்கிறார்கள். அன்பரின் தகப்பனாருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை முறை கிடைத்திருக்கிறது. அவர்களில் ஒருவர் கூடச் செல்கிறார்.